காசில் நின்ற ஆண்டு

(பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று உங்கள் முன்னால் ஒரு வெள்ளிக்காசோடு வந்திருக்கிறேன். இது என் பாட்டியின் காசு. அரிசிப் பானைக்குள் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். ஒரு காலத்தில் யாரோ கழுத்தில் போட்டுக்கொள்வதற்காக இதற்குக் காது வைத்திருக்கிறார்கள். அந்தப் பற்றுவைப்பின் தடம் இன்னும் விளிம்பில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பாட்டி இதை எடுத்து, விபூதி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, மறுபடி பானைக்குள் போட்டுவிடுவார். "நவாப்பு காசுடா, வீட்டுல இருந்தா வெள்ளி குறையாது" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருந்த ஒரு பாய், உருது படித்தவர். காசை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஆயிரத்து நூத்தி எழுபத்திரெண்டுன்னு போட்டிருக்கு தம்பி" என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. 1172 என்றால் சோழர் காலம் அல்லவா? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "நீ நெனைக்கிற வருஷம் இல்லப்பா. இது ஹிஜ்ரி. இதுக்கு வேற கணக்கு."

அந்த "வேற கணக்கு" என்ற இரண்டு சொற்கள்தான் என்னை நாற்பது ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கின்றன. அந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் ஆசை.

ஹிஜ்ரி ஆண்டு நிலவை வைத்து நடப்பது. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த கி.பி. 622ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்படுவது. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், சில ஆண்டு 355. நம் ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அதனால்தான் ரம்ஜான் ஒரு வருடம் கோடையிலும், சில வருடம் கழித்து மழையிலும் வருகிறது. சூரியக் கணக்கில் 32 ஆண்டு ஓடினால் ஹிஜ்ரிக் கணக்கில் 33 ஆண்டு ஓடிவிடும். ஆகவே வெறுமனே 622ஐக் கூட்டினால் விடை தப்பும். நூற்றுக்கு மூன்று கழித்துவிட்டு, பிறகு 622 கூட்ட வேண்டும். பாட்டியின் காசைப் பாருங்கள். 1172இல் நூற்றுக்கு மூன்று என்றால் 35. கழித்தால் 1137. அதோடு 622 சேர்த்தால் 1759. சரியாகச் சொன்னால், ஹிஜ்ரி 1172 என்பது கி.பி. 1758 செப்டம்பரில் தொடங்கி 1759 ஆகஸ்டில் முடிந்த ஆண்டு.

எண்களைப் படிப்பதும் கடினமில்லை. ஒன்று நிமிர்ந்த கோடு. ஒன்பது ஏறக்குறைய நம் ஒன்பதேதான். ஏழு, மேலே பார்த்து வாய் திறந்திருக்கும். எட்டு அதையே கவிழ்த்தது, கூரை மாதிரி. ஆறு, ஏறக்குறைய நம் ஏழைப் போல. ஐந்து ஒரு சின்ன வளையம். பூஜ்யம் வெறும் புள்ளி. இரண்டும் மூன்றும் கோட்டின் தலையில் கொக்கி வைத்தவை. இரண்டுக்கு ஒரு வளைவு, மூன்றுக்கு இரண்டு. நான்கு மட்டும் இடத்துக்கு இடம் மாறும். எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும், எண்ணை நாம் படிப்பது போலவே இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் இதை மாற்றினார். அவரிடம் சற்று நேரத்தில் வருகிறேன்.

இப்போது பாட்டியின் காசுக்குத் திரும்புவோம். இதில் இருக்கும் பெயர் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர். மறுபக்கத்தில் அவர் அரியணை ஏறிய ஆறாம் ஆண்டு என்று இருக்கிறது, 'ஆர்க்காட்' என்று ஊர்ப்பெயரும் இருக்கிறது. படித்தவர் யாரும், இது ஆற்காட்டு நவாப் 1759இல் அடித்த காசு என்றுதான் சொல்வார். நானும் பல ஆண்டு அப்படியே நம்பினேன்.

ஒரு நாள் விளிம்பைப் பார்த்தேன். சீரான சாய்வரிகள். முழு வட்டம். சுத்தியலால் கையில் அடித்த காசுக்கு இவ்வளவு ஒழுங்கான விளிம்பு வராது. பிறகு எழுத்துகளுக்கு இடையே ஒரு சின்னத் தாமரைப் பூ இருப்பதைக் கண்டேன். அந்தத் தாமரை சென்னை நாணயச்சாலையின் அடையாளம். இந்தக் காசு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் எந்திரத்தில் அடித்தது. 19ஆம் நூற்றாண்டின் காசு!

கம்பெனிக்கு 1742இல் ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு நவாபுகள் மாறினார்கள், பேரரசர்கள் மாறினார்கள். இரண்டாம் ஆலம்கீர் 1759 நவம்பரில் கொலையுண்டே போனார். சென்னையில் எந்திரம் வந்த பிறகும் கம்பெனி அவர் பெயரையும், ஹிஜ்ரி 1172ஐயும், ஆறாம் ஆட்சியாண்டையும் அப்படியே அச்சில் வைத்து அடித்துக்கொண்டே இருந்தது. 1835இல் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்து, நான்காம் வில்லியம் மன்னரின் தலை காசில் ஏறிய பிறகுதான் அது ஓய்ந்தது. இறந்துபோன ஒரு பேரரசர், எழுபது ஆண்டுக்கு மேலாக, தன் ஆறாம் ஆட்சியாண்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? காசு கைமாறும் இடத்தில் நோட்டக்காரர் உட்கார்ந்திருப்பார். காசை ஏற இறங்கப் பார்த்து, தட்டி, தரம் சொல்பவர். நாம் இன்று "நோட்டம் விடுகிறான்" என்று பேசுகிறோமே, அந்த நோட்டம்தான். சங்க காலத்தில் இவரையே வண்ணக்கன் என்றார்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒரு புலவரே இருந்தார். வங்காளத்தில் இந்த ஆண்டு அடித்த காசுக்கு முழு மதிப்பு. இரண்டு மூன்று ஆண்டு பழையது என்றால் வட்டம், அதாவது கழிவு, பிடிப்பார்கள். வெள்ளி அதேதான், எடை அதேதான், ஆண்டு பழசு என்பதற்காகவே மதிப்புக் குறையும். காசில் ஒரே ஆண்டை நிறுத்திவிட்டால் எது பழசு, எது புதுசு என்று யாராலும் சொல்ல முடியாது. வங்காளத்து ரூபாயில் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டைக் கம்பெனி நிறுத்தி வைத்தது இதற்காகத்தான். அதோடு, மக்கள் கண்ணுக்குப் பழகிய முகத்தைக் காசு மாற்றினால் சந்தையில் வாங்க மாட்டார்கள். பெயர் பேரரசருடையது, ஊர் நவாபுடையது, லாபம் கம்பெனியுடையது.

இதிலேயே இன்னொரு வியப்பு. 1807ஐ ஒட்டி சென்னையில் அடித்த இரட்டை ரூபாய்கள் சில, புது வெள்ளித் தகட்டில் அடித்தவை அல்ல. ஸ்பெயின் நாட்டு எட்டு ரியால் வெள்ளிக்காசின் மேலேயே பாரசீக அச்சை வைத்து அடித்தவை. அத்தகைய காசைச் சாய்த்துப் பார்த்தால், ஆலம்கீரின் பெயருக்கு அடியில் ஸ்பானிய மன்னரின் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அமெரிக்கக் கண்டத்தின் வெள்ளி, ஸ்பெயினின் முத்திரை, முகலாயரின் பெயர், ஹிஜ்ரி ஆண்டு, சென்னையின் எந்திரம் ஆகிய ஐந்தும் ஒரே காசில்!

பாட்டியின் இந்தக் காசு பெங்களூருக்கு எப்படி வந்திருக்கும்? 1809இல் இங்கே கண்டோன்மென்ட் அமைந்தது. பட்டாளத்தின் பின்னாலேயே ஆற்காட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். வண்டிக்காரர், கொத்தனார், காய்கறி வியாபாரி, கான்ட்ராக்டர் என்று எத்தனையோ பேர். 1873இல் இந்த நகரில் பள்ளி தொடங்கிய நாராயணசாமி முதலியாரின் பெயருக்கு முன்னால் ஆற்காடு என்ற ஊர் இன்றும் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவரின் இடுப்புச் சுருக்குப்பையில் இந்தக் காசும் வந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அடுத்து, எண்ணைத் திருப்பி எழுதியவரிடம் வருவோம். திப்பு சுல்தான்.

இங்கிருந்து ஆட்டோ ஏறினால் சிறிது நேரத்தில் பெங்களூர்க் கோட்டை. திப்புவின் காலத்தில் பெங்களூரிலும் ஒரு நாணயச்சாலை இருந்தது. அங்கே அடித்த யானை முத்திரைச் செப்புக்காசுகள் இன்றும் கிடைக்கின்றன. அவருடைய பெரிய வெள்ளிக்காசுகளில் மிகுதியாகக் காணும் ஊர்ப்பெயர் 'பட்டன்', அதாவது ஸ்ரீரங்கப்பட்டணம். வெள்ளிக்காசுகளுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேளுங்கள். இரட்டை ரூபாய் ஹைதரி, ரூபாய் இமாமி, அரை ஆபிதி, கால் பாகிரி, அரைக்கால் ஜாஃபரி, வீசம் காஸிமி. நான்காம், ஐந்தாம், ஆறாம், ஏழாம் இமாம்களின் பெயர்கள் அப்படியே படிப்படியாக இறங்கி வருகின்றன. ஹைதரி என்பது ஹஸ்ரத் அலியின் பட்டப்பெயர். தந்தை ஹைதர் அலியின் பெயரும் அதில் ஒலிக்கிறது. இத்தனை பெயர் வைத்தவர் எந்தக் காசிலும் தன் பெயரை மட்டும் வைக்கவில்லை. முகலாயப் பேரரசர் பெயரையும் வைக்கவில்லை. கம்பெனி, தான் விழுங்கிக்கொண்டிருந்த பேரரசின் பெயரைக் காசில் போற்றிக்கொண்டிருந்தபோது, திப்பு அதைத் துணிந்து எடுத்துவிட்டார்.

ஆட்சியின் முதல் சில ஆண்டுகள், 1197 முதல், ஹிஜ்ரி ஆண்டையே போட்டார். பிறகு புதுக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தினார். அதற்கு மௌலூதி என்று பெயர். நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணுவது. காசில் அது 1215இலிருந்து தொடங்குகிறது. கூடவே எண்ணை வலமிருந்து இடமாக எழுதவும் தொடங்கினார். அதனால் 1216 என்பது காசில் 6121 என்று கண்ணுக்குப் படும்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். மௌலூதி 1226ஐ ஹிஜ்ரி என்று நினைத்து நான் சொன்ன கணக்கைப் போட்டால் 1811 வரும். திப்பு 1799 மே 4ஆம் நாளே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்துவிட்டார். இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து யார் அடித்தது? யாரும் அடிக்கவில்லை. மௌலூதிக்கு நூற்றுக்கு மூன்று கழிக்கக் கூடாது. நேராக 572ஐக் கூட்ட வேண்டும். 1226 என்றால் 1798. 1215 என்றால் 1787.

ஏன் கழிக்க வேண்டாம்? மௌலூதி சூரியனை விட்டு விலகாத கணக்கு. மாதங்கள் நிலா மாதங்கள்தான். ஆனால் நம் பஞ்சாங்கக்காரர்கள் அதிக மாதம் சேர்த்துச் சரிசெய்வது போலவே இவரும் சரிசெய்தார். அது மட்டுமா? ஆண்டுகளுக்குப் பெயரும் வைத்தார், அறுபது பெயர். நம் பிரபவ, விபவ வரிசையின் அதே அறுபது.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மௌலூதி 1215 காசில் ஆண்டின் பெயர் 'ஷா' என்று இருக்கும். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. திப்பு பின்னாளில் கையாண்ட வரிசையில் ஷீன் எழுத்துக்கு 40, அலிஃபுக்கு 1. ஷீனும் அலிஃபும் சேர்ந்தால் ஷா. 40உம் 1உம் சேர்ந்தால் 41. இப்போது நம் அறுபது ஆண்டு வரிசையில் 41ஆவது பெயரை எண்ணிப் பாருங்கள். பிலவங்க. 1787-88 தமிழ்க் கணக்கில் எந்த ஆண்டு? பிலவங்க ஆண்டு! அடுத்த ஆண்டு காசில் 'ஸாரா'. ஸீன் 30, அலிஃப் 1, ரே 10, அலிஃப் 1. மொத்தம் 42. நமக்கு அது கீலக. அதற்கு அடுத்தது 'ஸராப்', 43. நமக்குச் சௌமிய.

முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடித்தபோது இரவு இரண்டு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பாரசீக எழுத்தில், நபிகளின் பிறப்பைத் தொடக்கமாகக் கொண்டு, நம் பாட்டிமார் வாயில் புழங்கிய பிலவங்க வருஷம் ஒரு வெள்ளிக்காசில் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் காசு யாருடைய சொத்து என்று இன்று வாதாடுகிறவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. ஷாவுக்கு 41 என்று எண்ணிக் காட்டுகிறேன். அது போதும்.

திப்புவுக்குப் பிறகு மைசூரில் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ரூபாயைப் பார்த்தால், அதில் மறுபடியும் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் வந்துவிடுகின்றன. இந்து மன்னர், கம்பெனியின் காவல், முகலாயரின் பெயர். அன்றைக்குச் செல்லும் காசு என்றால் அதன் முகம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சந்தை நினைத்தது. ஆகவே ஹிஜ்ரி ஆண்டு போட்ட காசு என்றால் முஸ்லிம் மன்னரின் காசு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மூன்றாவது காசு எளிதாகக் கிடைப்பது. சேர்க்கத் தொடங்கும் தம்பிகள் இதிலிருந்தே தொடங்கலாம். ஹைதராபாத் நிஜாமின் ரூபாய். எடை 11 கிராமுக்குச் சற்று மேல். முகப்பில் சார்மினார். அதன் நடு வாசலுக்குள் ஓர் எழுத்து இருக்கும். மீம் என்றால் மஹபூப் அலி கான், ஐன் என்றால் அவர் மகன் உஸ்மான் அலி கான். 92 என்று ஓர் எண்ணும் இருக்கும். அது ஆண்டு அல்ல. முஹம்மது என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் தொகை. ஆண்டு தனியாக நான்கு இலக்கத்தில் இருக்கும். ஆட்சியாண்டும் உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். உஸ்மான் அலி கான் பதவிக்கு வந்தது ஹிஜ்ரி 1329, அதாவது 1911. காசில் 1340 என்று இருந்தால் ஆட்சியாண்டு பதினொன்றையொட்டி இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்தக் காசைக் கீழே வைத்துவிடுங்கள். போலி செய்பவன் எழுத்தைக் காப்பியடிப்பான். கணக்கில் கோட்டை விடுவான்.

ஆக, மூன்று காசு, மூன்று விதமான காலம். ஆற்காட்டு ரூபாயில் காலம் நின்றுவிட்டது. திப்புவின் ரூபாயில் காலம் புதிதாகப் பிறந்தது. நிஜாமின் ரூபாயில் காலம் ஒழுங்காக நடந்தது, 1948இல் அந்த ஆட்சி முடியும் வரைக்கும். காசில் ஆண்டைப் போடுவது என்பது, இங்கே யாருடைய காலம் நடக்கிறது என்று ஓர் ஆட்சி மக்களிடம் சொல்வது. அது எப்போதும் உண்மை சொல்லும் என்று நினைக்காதீர்கள். நம் தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல். காசின் நாணயத்தைச் சோதிக்க வேண்டியது நாம்தான்.

அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வழி சொல்கிறேன். கம்பெனியின் பிற்கால ஆற்காட்டு ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. சிறு மின் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடி தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்ட வேண்டும். 1.3ஐத் தொட்டால் அதில் வெள்ளி குறைவு, செம்பு மிகுதி. காந்தம் இழுத்தால் பேசவே வேண்டாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. புளி வேண்டாம், விபூதி வேண்டாம், பல்பொடி வேண்டாம். என் பாட்டி அன்போடு தேய்த்த ஒவ்வொரு பொங்கலும் இந்தக் காசின் எழுத்தில் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விட்டது. வெள்ளியின் கருமை அழுக்கு அல்ல, அது காசின் போர்வை. பிளாஸ்டிக் உறை வேண்டாம்; அமிலமில்லாத காகித உறை போதும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நாம் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தனுப்புவதும் இதில் அடங்கும்.

கடைசியாக ஒன்று. பாட்டியின் மஞ்சள் துணியில் இரண்டு காசு இருந்தன. அக்காவுக்குக் கொலுசு எடுத்தபோது, கூலிக்கும் சேதாரத்துக்கும் பணம் போதவில்லை. இரண்டில் பெரியதைக் கடைக்காரர் தராசில் வைத்தார். எடை சொன்னார், உருக்கிவிட்டார். அவர்மேல் தவறில்லை, வெள்ளியை வெள்ளி விலைக்கு எடுத்தார். பாட்டிமேலும் தவறில்லை, பேத்தியின் கால் அவருக்குப் பெரிது. அது இன்னதென்று சொல்ல எனக்கு வழியில்லை. "கனமா, உள்ளங்கை நெறைய இருந்துச்சு" என்று மட்டும் அக்கா சொல்வாள். ஹைதரியா, இரட்டை ஆற்காடா, வேறு ஏதாவதா? அதில் நான்கு எண்கள் இருந்திருக்கும். யாரும் படிக்கவில்லை.

வீட்டில் கஷ்டம் என்றால் காசை விற்கத்தான் செய்வோம். அதை நான் தடுக்க வரவில்லை. விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையைக் குறித்து, ஆண்டைப் படித்து எழுதிவையுங்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் கொண்டுவாருங்கள். இன்றைக்கும் அந்த மேசையில் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு தராசும் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அங்கேதான் இருப்பேன்.